ஒரு மதிப்பெண் விடைக்குப் பின்னால் இருக்கும் அயர்லாந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டித் தேர்வு எழுதுவோருக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் பக்கத்தில், இந்திய அரசமைப்பின் மூலங்களைப் பற்றிய வினா விடைத் தொகுப்பு ஒன்று அண்மையில் இடம்பெற்றிருந்தது. அரசுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் எந்த நாட்டு அரசமைப்பைப் பின்பற்றி அமைக்கப்பட்டன என்ற வினாவுக்கு, 'அயர்லாந்து' என்று அதில் ஒற்றைச் சொல்லில் விடை தரப்பட்டிருந்தது. விடை சரியானதுதான், அதில் குறை காண்பதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நூலகங்களில் காலை முதல் மாலை வரை அமர்ந்து இந்த விடையை மனப்பாடம் செய்யும் இளைஞர்களிடம் அயர்லாந்தைப் பற்றி மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டால், அது இங்கிலாந்தின் ஒரு பகுதிதானே என்கிறார்கள். பள்ளியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இது உறுத்தலாக இருப்பதால் எழுதுகிறேன். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் அயர்லாந்து மக்களும் யூத மக்களும் ஒருவரோடு ஒருவர் கலந்து வாழ்ந்த ஒரு வரலாறு இருக்கிறது. அதன் சில இழைகள் நம் பகுதி வரைக்கும் நீள்கின்றன. அதைச் சொல்லத் தங்கள் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் அந்த விடையையே எடுத்துக்கொள்கிறேன். இந்த நெறிமுறைகள் அடங்கிய நமது அரசமைப்பின் நான்காம் பகுதிக்கு முன்மாதிரியாக இருந்தது, 1937-ஆம் ஆண்டில் அயர்லாந்து ஏற்றுக்கொண்ட அரசமைப்பின் 45-ஆவது பிரிவு. நமது அரசமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகரான பி.என். ராவ் 1947-ஆம் ஆண்டின் இறுதியில் டப்ளினுக்கே சென்று, அந்நாட்டுப் பிரதமர் டி வலேராவைச் சந்தித்துப் பேசித் திரும்பினார். நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற முடியாதவையும், ஆனால் சட்டம் இயற்றும்போது அரசு மனத்தில் கொள்ள வேண்டியவையுமான கொள்கைகளை அரசமைப்பிலேயே எழுதி வைக்கும் முறை அங்கிருந்து வந்ததுதான். இதுவரையில் பாடநூல்கள் சொல்லிவிடுகின்றன. அந்த 45-ஆவது பிரிவுக்கு நேர்முன்னே நிற்கும் 44-ஆவது பிரிவை மட்டும் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. சமயத்தைப் பற்றிய அந்தப் பிரிவு, கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சிறப்பிடம் கொடுத்த கையோடு, நாட்டிலிருந்த பிற சமய அமைப்புகளையும் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. அவற்றுள் யூத சபைகளும் உண்டு. அன்றைக்கு அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். யூதர்களோ நாலாயிரத்துக்கும் குறைவு. ஜெர்மனியில் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில், ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் ஒரு சிறு நாடு தன் அடிப்படைச் சட்டத்தில் அவர்களுடைய பெயரை எழுதியது. (1973-இல் செய்யப்பட்ட திருத்தத்தில், கத்தோலிக்கத் திருச்சபையின் சிறப்பிடத்தோடு அந்தப் பெயர்ப் பட்டியலும் நீக்கப்பட்டது.)

இந்த உறவு 1937-இல் தொடங்கியதன்று. நம் பக்கத்து முதியவர்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லும் 1876-78 பஞ்சத்தில், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் உள்ளடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கொடிய பாதிப்பை அடைந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே பிரிட்டிஷ் பேரரசின் மற்றொரு மூலையில், அயர்லாந்து ஏழைகளின் ஒரே உணவாக இருந்த உருளைக்கிழங்கை நோய் தாக்கி அழித்தது. 1845 முதல் 1852 வரை ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். மக்கள் பசியால் சாகும்போதே அந்த மண்ணின் தானியமும் கால்நடைகளும் ஏற்றுமதி ஆயின என்ற செய்தி, தாது வருடத்தின் கதையை அறிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. அந்தப் பஞ்சத்துக்கு முதன்முதலில் நிதி திரட்டிய ஊர்களில் ஒன்று கல்கத்தா. அங்கே பணியாற்றிய அயர்லாந்துச் சிப்பாய்களும் கம்பெனி ஊழியர்களும் அதில் முன்னின்றார்கள். 1847 தொடக்கத்தில் லண்டனில் அமைந்த பெரிய நிவாரணச் சங்கத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் லயனல் டி ராத்ஸ்சைல்டு என்ற யூத வங்கியாளர். தேர்தலில் வென்ற பின்னும், கிறிஸ்தவ உறுதிமொழியைச் சொல்ல மறுத்ததால் 1858 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இடம் பெறாமல் காத்திருந்தவர் அவர். அதே 1847-இல் நியூயார்க்கின் மிகப் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கூட்டம் கூட்டி, தாங்கள் கண்ணால் கண்டிராத அயர்லாந்து மக்களுக்காகப் பணம் சேர்த்தார்கள்.

கத்தோலிக்கர்களின் உரிமைக்காகப் போராடி வென்ற டேனியல் ஓ'கானல், யூதர்களைத் துன்புறுத்திய கறை படியாத ஒரே கிறிஸ்தவ நாடு தமக்குத் தெரிந்து அயர்லாந்துதான் என்று 1829-இல் ஒரு யூதத் தலைவருக்கு எழுதினார். அந்தப் பெருமை எழுபத்தைந்து ஆண்டுகளே நிலைத்தது. 1904 ஜனவரியில் லிமெரிக் நகரில் ஜான் கிரே என்ற பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து யூதர்களுக்கு எதிராகப் பேசி, அவர்களோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் கூடாது என்று தம் மக்களுக்குச் சொன்னார். அந்த யூதர்கள் யார்? லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்து, துணிமணியையும் வீட்டுச் சாமான்களையும் தெருத்தெருவாகச் சுமந்து, வாரத் தவணைக்கு விற்ற ஏழை வியாபாரிகள். நம் ஊர்களிலும் தவணைக்காரர் படியேறினால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் லிமெரிக்கில் நடந்தது அதோடு நிற்கவில்லை. கல்லெறி நடந்தது, பாக்கிப் பணம் நின்றது, ஒரு சிறு சமூகத்தின் குடும்பங்கள் பல ஊரைவிட்டே போக நேர்ந்தது. அயர்லாந்துத் தேசியவாதத்தின் புகழ்பெற்ற பத்திரிகையாளரான ஆர்தர் கிரிஃபித்தின் ஏடு இந்தப் புறக்கணிப்பை ஆதரித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதை எதிர்த்து எழுந்த குரல்களுள் நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது மைக்கேல் டேவிட்டின் குரலை. பஞ்சத்தின் நடுவே 1846-இல் மேயோ மாவட்டத்தில் பிறந்தவர். வாடகை கட்ட முடியாமல் அவருடைய குடும்பம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கிலாந்துக்குப் போனது. அங்கே பருத்தி ஆலையில் வேலை செய்த அந்தச் சிறுவன், பதினோராவது வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையை இழந்தான். பின்னாளில் விடுதலை இயக்கத்தில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்து, 1879-இல் குத்தகை விவசாயிகளுக்காக நிலச் சங்கத்தைத் தொடங்கினார். நியாயமான குத்தகை, உழுபவனை வெளியேற்ற முடியாத உரிமை, தன் பாத்தியதையை விற்கும் சுதந்திரம் என்ற மூன்று கோரிக்கைகளை கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும், உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளமிட்ட நம் பாராமகால் மண்ணின் விவசாயிகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பண்ணை முகவர் பாய்காட் என்பவரை மேயோ மக்கள் ஒட்டுமொத்தமாக ஒதுக்கி வைத்த 1880-ஆம் ஆண்டுப் போராட்டம் இந்தச் சங்கத்தின் காலத்தில் நடந்ததுதான். வலியவனுக்கு எதிராகத் தம் இயக்கம் கையிலெடுத்த ஆயுதம், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் தவணை வியாபாரிகள் மீது திரும்பியபோது, டேவிட் பேசாமல் இருக்கவில்லை. 1903-இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் கொல்லப்பட்டபோது, நேரில் போய் விசாரித்து உலகுக்கு எழுதியவர் அவர். ஆகவே வெறுப்புப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை மற்றவர்களைவிட நன்றாகவே அறிந்திருந்தார். டப்ளின் நாளிதழ் ஒன்றின் ஆசிரியருக்கு அவர் எழுதிய கடிதத்தில், ஓர் அயர்லாந்துக்காரராகவும் ஒரு கத்தோலிக்கராகவும் இதைக் கண்டிப்பதாக அறிவித்தார். தம் சொந்தச் சமயத்துப் பாதிரியாரை, தம் சொந்த இயக்கத்து மக்களின் முன்னிலையில், தேர்தல் கணக்கு பார்க்காமல் மறுத்துரைத்த கடிதம் அது.

அடுத்தவர் ராபர்ட் பிரிஸ்கோ. லித்துவேனியாவிலிருந்து வந்த யூதத் தந்தைக்கு 1894-இல் டப்ளினில் பிறந்தவர். அயர்லாந்து விடுதலைப் போர்க் காலத்தில் அதன் தலைவர்களுள் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கிருந்து ஆயுதங்களை வாங்கி, பிரிட்டிஷ் கண்காணிப்பைத் தாண்டி அயர்லாந்துக்குக் கடத்தி அனுப்புவதே அவருடைய வேலை. பிறகு 1927 முதல் 1965 வரை இடையறாமல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1956-இல் டப்ளின் மேயரானார். மறு ஆண்டு நியூயார்க்கில் புனித பேட்ரிக் நாள் ஊர்வலத்தில், கத்தோலிக்க அயர்லாந்தின் தலைநகரத்து மேயராக ஒரு யூதர் நடந்து வந்ததைப் பார்த்து அமெரிக்கர்கள் வியந்துபோனார்கள். இவ்வளவு செல்வாக்குள்ள அவரால், ஹிட்லரிடமிருந்து தப்ப முயன்ற தம் மக்களுக்காக அயர்லாந்தின் கதவை அகலமாகத் திறக்க முடியவில்லை என்பதே இந்தக் கதையின் கசப்பான பகுதி. அரசமைப்பில் யூத சபைகளின் பெயரை எழுதிய அதே அரசு, அகதிகளாக வந்த யூதர்களில் மிகச் சிலரையே உள்ளே விட்டது. அதே டி வலேரா, 1945 மே மாதம் ஹிட்லர் இறந்த செய்தி வந்ததும், ஜெர்மானியத் தூதரின் இல்லத்துக்குச் சென்று துக்கம் விசாரித்தார். நடுநிலை நாட்டின் சம்பிரதாயம் என்று அதற்கு அவர் சமாதானம் சொல்லியிருக்கலாம்; எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தால் அது வரலாறாக இராது என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன்.

அரசு செய்யாததை ஒரு தனிப்பெண் செய்தார். கார்க் நகரில் 1908-இல் பிறந்த மேரி எல்ம்ஸ், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சிறப்பாகப் படித்துத் தேறியவர். நல்ல வேலையைத் தேடிப் போயிருக்கலாம். அவரோ 1937-இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குப் போய், குழந்தைகளுக்கு உணவும் மருத்துவமும் அளிக்கும் பணியில் சேர்ந்தார். அங்கே குடியரசுத் தரப்பு தோற்று, அகதிகள் எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் நுழைந்தபோது, அவர்களுக்காகப் பாடுபட அவரும் பிரான்சுக்கு வந்து பெர்பின்யான் நகரில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நிவாரணக் குழுவில் பணியாற்றினார். 1942-இல் அந்நகருக்கு அருகிலிருந்த ரிவ்சால்ட் முகாமில் அடைக்கப்பட்டிருந்த யூதர்களை ரயிலேற்றி அனுப்பத் தொடங்கினார்கள். அந்த ரயில்கள் போய்ச் சேர்ந்த இடம் நாஜிக்களின் கொலை முகாமான ஆஷ்விட்ஸ். மேரி எல்ம்ஸ் முகாமிலிருந்து குழந்தைகளைத் தம் காரில் வெளியே கொண்டுவந்து, மலையடிவாரத்துக் குழந்தைகள் இல்லங்களிலும் தெரிந்தவர்களின் வீடுகளிலும் சேர்த்தார். அவரும் அவருடைய தோழர்களும் காப்பாற்றிய குழந்தைகள் நூற்றுக்கணக்கானோர். 1943 தொடக்கத்தில் அவர் கைது செய்யப்பட்டு, பாரிசுக்கு அருகிலுள்ள ஃப்ரென் சிறையில் ஏறத்தாழ ஆறு மாதம் இருந்தார். வெளியே வந்ததும் மறுபடி அதே வேலைக்குத் திரும்பினார். பிற்காலத்தில் அந்தச் சிறைவாசத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், அந்நாட்களில் எல்லாருக்கும்தானே அசௌகரியங்கள் இருந்தன என்று சொல்லி முடித்துக்கொண்டாராம். பிரான்சிலேயே திருமணம் செய்துகொண்டு, குடும்பமும் குழந்தைகளுமாக வாழ்ந்து, பட்டம் பதவி எதையும் நாடாமல் 2002-இல் மறைந்தார். யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தவருக்கு இஸ்ரேல் அளிக்கும் உயரிய அங்கீகாரம் 2013-இல் அவருக்கு அளிக்கப்பட்டது. அயர்லாந்துக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. பிறந்த ஊரான கார்க்கில் ஒரு நடைபாலத்துக்கு அவருடைய பெயர் வைக்கப்பட்டது 2019-இல்தான்.

இன்று செய்தித்தாள்களில் அயர்லாந்து, இஸ்ரேல் என்ற இரு பெயர்களும் சேர்ந்து வருவது சச்சரவில் மட்டுமே. 2024 மே மாதம் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அயர்லாந்து ஏற்றதும், அவ்வாண்டு டிசம்பரில் டப்ளினிலுள்ள தன் தூதரகத்தை மூடுவதாக இஸ்ரேல் அறிவித்ததும் தங்கள் வாசகர்கள் அறிந்தவை. அந்த அரசியலில் யார் பக்கம் நியாயம் என்று வழக்காட இக்கடிதத்தில் நான் முற்படவில்லை. அந்தச் செய்தியைப் படிக்கும் ஒருவர், இஸ்ரேலின் குடியரசுத் தலைவராக 1983 முதல் பத்தாண்டுகள் இருந்த சைம் ஹெர்சாக் பெல்ஃபாஸ்டில் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர் என்பதையும், அவருடைய தந்தை அயர்லாந்தின் தலைமை யூத குருவாக இருந்தவர் என்பதையும் சேர்த்து அறிந்திருந்தால் செய்தியே வேறு ஆழத்தோடு விளங்கும்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் வரலாற்றில் வரும் அயர்லாந்துக்காரர்கள் அனைவரையும் 'ஆங்கிலேயர்' என்ற ஒரே கூடைக்குள் போட்டுவிடுகிறோம். 1760 வந்தவாசிப் போரில் ஆங்கிலத் தரப்பை நடத்திய அயர் கூட் லிமெரிக் மாவட்டத்துக்காரர். அவரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியோ, பிரான்சில் குடியேறிய அயர்லாந்துக் குடும்பத்தின் மகன். திப்பு சுல்தானை வீழ்த்த 1799 மார்ச்சில் நம் ராயக்கோட்டை வழியாகப் போன படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி டப்ளினில் பிறந்தவர். தமிழரின் பெருமைக்குரிய கால்டுவெல்லும், ஸ்காட்லாந்து வழிப் பெற்றோருக்கு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவரே. அடிமைப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே அடிமைப்படுத்தும் படையை நடத்தினார்கள் என்ற முரணை, 'ஆங்கிலேயர்' என்ற பொதுப்பெயர் முழுவதுமாக மூடிவிடுகிறது.

அந்த முரணின் மறுபக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். 1894-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஆல்ஃப்ரட் வெப், அயர்லாந்தின் தன்னாட்சிக்காகப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர். மார்கரெட் கசின்ஸ் அவரைவிட நமக்கு நெருக்கமானவர். ராஜாஜி தொரப்பள்ளியில் பிறந்த அதே 1878-ஆம் ஆண்டில், ராஸ்காமன் மாவட்டத்தின் பாயில் என்ற சிற்றூரில் பிறந்தவர். பெண்களின் வாக்குரிமைக்காக லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை சென்றுவிட்டு, 1915-இல் கணவரோடு இந்தியா வந்தார். 1917-இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். தாகூர் 1919-இல் மதனப்பள்ளிக் கல்லூரிக்கு வந்திருந்தபோது, 'ஜன கண மன' பாடலை அவரைப் பாடக் கேட்டு, இசைக்குறிப்பாக எழுதி வைத்தவர் இவரே. 1932-இல் பேச்சுரிமையை முடக்கிய அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர்ப் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். பாப்பாரப்பட்டியில் வாழ்ந்து மறைந்த சுப்பிரமணிய சிவாவை வெளியூர் மாணவர்கள் ஒற்றை வரியில் படித்துவிட்டுப் போகிறார்களே என்று வருந்தும் நாம், பக்கத்து மாவட்டத்துச் சிறையில் நமக்காக இருந்தவருக்கு அந்த ஒற்றை வரியையும் கொடுக்கவில்லை.

நம் நாட்டுக்கு வந்து பணியாற்றிய யூதர்களில் ஒருவரையேனும் சொல்ல வேண்டும் என்றால் அது வால்டெமர் ஹாஃப்கின். ஒடெஸாவில் 1860-இல் பிறந்தவர். மதம் மாறினால்தான் பல்கலைக்கழகப் பதவி என்ற நிபந்தனையை ஏற்காமல் ரஷ்யாவைவிட்டு வெளியேறி, பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்து, காலராவுக்குத் தடுப்பூசி கண்டார். 1893-இல் அதை எடுத்துக்கொண்டு இந்தியா வந்தார். பம்பாயில் பிளேக் பரவியதும், சில மாதங்களுக்குள் அதற்கும் ஒரு தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்த அளவுக்கு அச்சம் ஆட்கொண்டிருந்த காலம் அது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் வில்வாத ஜன்னி (டெட்டனஸ்) கண்டு இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மீது விழுந்து, அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அந்தக் கிராமத்தில் குப்பியைத் திறந்தபோதே நச்சு கலந்திருக்க வேண்டும் என்று காட்டும் சான்றுகள் இருந்தும், அவருடைய பெயர் மீளப் பல ஆண்டுகள் ஆயின. மலேரியா ஆய்வுக்காக 1902-இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸும் வேறு பல அறிவியலாளர்களும் 1907-இல் லண்டன் நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியதற்குப் பிறகே அரசு இறங்கி வந்தது. பம்பாயில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1925 முதல் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. கொரோனா தடுப்பூசிக்காக நாம் வரிசையில் நின்றபோதுகூட அவரை நினைத்தவர்கள் அரிது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவைதான். போட்டித் தேர்வுப் பக்கத்தில் வினா விடைகளுக்குக் கீழே வாரம் ஒரு முறையாவது, அந்த வாரத்து விடைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பின்னணியை முந்நூறு சொற்களில் எழுதச் செய்யுங்கள். தேர்வுக்கு உதவாது என்று இளைஞர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற தயக்கம் வேண்டாம். முதன்மைத் தேர்வில் விரிவாக எழுத வேண்டியவர்களுக்கு அது நேரடியாகவே பயன்படும். மார்கரெட் கசின்ஸின் சிறை நாட்களைப் பற்றித் தங்கள் வேலூர்ப் பதிப்பின் செய்தியாளர்கள் விசாரித்து ஒரு தனிக் கட்டுரை வெளியிடலாம். கால்டுவெல், அயர் கூட் போன்றோரின் பிறந்த மண்ணைக் குறிப்பிடும்போது அயர்லாந்து என்றே அச்சிட வேண்டும். இப்பகுதிக்கு எழுதித் தர இவ்விரு மாவட்டங்களிலும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கள் சிலர் ஆர்வமாக இருக்கிறார்கள். ஆசிரியர் குழு விரும்பினால் முதல் கட்டுரையாக மைக்கேல் டேவிட்டைப் பற்றி எழுதி அனுப்ப நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.